சீ எண்டு பலமாச் சொல்லு

ஜெசிந்தா மிஸி இன்று காலை போய்விட்டார்.

அவருடைய மகன் போன் எடுத்துச் சொன்னபோது நான் ஒரு சின்யோராவின், ஒரு இத்தாலியச் சீமாட்டியின், மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்... வாளியை ஓரமாக வைத்துவிட்டு ஈரப்படியிலேயே இருந்துவிட்டேன்.

இத்தாலியில் இந்தப் பலெர்மோ நகரத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மிஸி மன்னாரில் பதினாறு வருடம் அரசாங்க மிட்வைஃப். இங்கே வந்ததும் சான்றிதழை மொழிபெயர்த்து, முத்திரை குத்தி, கொண்டுபோய்க் கொடுத்தார். செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

நானும் பௌதிகவியல் பட்டத்தோடு வந்து படி துடைக்கிறவன்தான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மிஸிக்குக் கோபப்பட நேரம் இருக்கவில்லை.

காலையில் ஒரு வயதான அம்மாவுக்குத் துணை வேலை. பின்னேரம் பிரஷர் மெஷினைத் தோள்பையில் போட்டுக்கொண்டு எங்கள் ஆட்கள் குடியிருக்கும் அல்பெர்கேரியா ஒழுங்கைகளுக்குள் நடப்பார். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாம் மாதம் என்பதெல்லாம் மனப்பாடம்.

பதினொரு வருடத்துக்கு முன் என் மனைவி சுபாவுக்கு எட்டாம் மாதம். காலையில் கிளினிக்குக்குப் போய் வந்திருந்தாள். பிரச்சினை இல்லை என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பின்னேரம் மிஸி வந்து அவளுடைய வீங்கிய காலைப் பார்த்தார்.

“தலையிடி இருக்கோ?”

சுபா வழக்கம்போலத் தலையை ஆட்டினாள்.

“தலையை ஆட்டாதை பிள்ளை, வாயைத் திற.”

“ஓம் மிஸி. மூண்டு நாளா.”

“கண்ணுக்கை மின்னுதோ?”

“ஓம்.”

“காலமை அங்கை இதுகளைக் கேக்கேல்லையோ?”

“கேட்டவை. ஓம் எண்டு தலையாட்டினனான்.”

மிஸி தாளை எடுத்துப் பார்த்தார். தலையிடி, நோ. கண், நோ. பக்கவாட்டில் ஆட்டும் எங்கள் தலையாட்டல் இத்தாலியர் கண்ணுக்கு ‘இல்லை’ என்றுதான் தெரியும்.

“ஏனடி, சீ எண்டு சொல்லத் தெரியாதோ? எத்தினை வருசமா இஞ்சை இருக்கிறாய்?”

இத்தாலி மொழியில் ‘சீ’ என்றால் ஆம்.

“தெரியும் மிஸி... ஆனா டொக்டரம்மான்ரை முகத்தைப் பாத்துச் சீ எண்டு எப்பிடிச் சொல்லுறது? மரியாதை இல்லையெல்லோ.”

நான் சிரித்துவிட்டேன். மிஸி சிரிக்கவில்லை. மெஷினைக் கட்டினார், பார்த்தார், திரும்பவும் கட்டினார். பிரஷர் எவ்வளவு என்று மட்டும் சொல்லவில்லை.

“தம்பி, சிரிச்சது காணும். நான் அம்புலன்சுக்கு அடிக்கிறன். உந்த ஒழுங்கைக்கை அது வராது. சந்தியிலை போய் நில்லும்.”

ஆஸ்பத்திரியில் மிஸி தன் தலையையே ஆட்டிக் காட்டினார். இது நோ இல்லை, இதுதான் சீ. இரண்டு நர்ஸ்மார் தாங்களும் ஆட்டிப் பார்த்தார்கள். பிறகு மிஸி சுபாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப திரும்பக் கேப்பினம். சீ எண்டு பலமாச் சொல்லு. அவையை ஏசுற மாதிரிச் சொல்லு.”

சுபா ஏசினாள். ஒவ்வொரு கேள்விக்கும்.

அன்று பின்னேரமே சிசேரியன் செய்து மகளை எடுத்தார்கள். ஒன்றே முக்கால் கிலோ. இன்னும் ஒரு நாள் போயிருந்தால்... என்று தொடங்கிய டொக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபின்னும், முப்பத்தொரு நாள் கழியும்வரை என் சொந்தக்காரர் ஒருவரும் படியேறவில்லை. பிள்ளை பிறந்த வீடு, துடக்காம், தீட்டாம். அவர்கள் இருக்கும் கபோவிலிருந்து பத்து நிமிட நடைதான். யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அவர்களுக்கும் இருக்கட்டும்.

மிஸி ஒவ்வொரு நாளும் நான்கு மாடி ஏறி வந்தார். தையலைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், பிள்ளையை நெஞ்சோடு எப்படி அணைப்பது என்று காட்டிக் கொடுத்தார். ஊரிலிருந்து போனில் “பிள்ளைப் பெத்தவளுக்குத் தண்ணி குடுக்காதேங்கோ” என்ற என் மாமியிடம், “அப்ப பால் என்ன, ஆகாயத்திலையிருந்தோ வாறது?” என்று கேட்டார். மாமி டக்கென்று போனை வைத்துவிட்டார்.

பால் சுரக்கவென்று என்னைப் பல்லரோ சந்தைக்குச் சுறா வாங்க அனுப்பினார். மீன்காரன் வெட்டிக்கொண்டே “ஆணா, பெண்ணா?” என்றான். தமிழன் சுறா கேட்டால் என்ன அர்த்தம் என்று மிஸி அந்தச் சந்தைக்கே பழக்கி வைத்திருந்தார்!

ஒரு பொங்கல் விழாவில் யார் யாருக்கோ பொன்னாடை போர்த்தினார்கள். நான் மிஸியின் பெயரைச் சொன்னேன். “மருத்துவிச்சிக்கு மேடையோ?” என்று ஒருவர் சிரித்தார். அவர் இன்று ஃபேஸ்புக்கில் மிஸிக்கு மெழுகுவர்த்திப் படம் போட்டிருக்கிறார்.

அண்ணை, உங்கள் இரண்டு பேரப்பிள்ளைகளையும் முதலில் குளிப்பாட்டியது யார்? நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

அந்தக் கிளினிக்கின் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மிஸி சொல்லச் சொல்ல அங்குள்ள மிட்வைஃப் இத்தாலி மொழியில் எழுதியது. “தமிழ்த் தாய் தலையை ஆட்டினால் எதையும் எழுதாதீர்கள். வாயால் சொல்லும்வரை காத்திருங்கள்.”

போன மாதமும் பார்த்தேன். தாள் மஞ்சளாகிவிட்டது, டேப் மட்டும் புதிது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் காட்டுவது அதைத்தானாம். சான்றிதழ் செல்லாத பெண் சொன்னது...

நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். அவர் எங்கடை ஆள்.

போன ஞாயிறு மகளைக் கூட்டிக்கொண்டு, படுக்கையிலிருந்த மிஸியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவள் பாதி தமிழ், பாதி சிசிலிக்காரப் பேச்சில் அலட்டிக்கொண்டிருந்தாள். மிஸி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்பவெண்டாலும் சந்தோசமா இருக்கிறீரோ, தம்பி?”

நான் தலையை ஆட்டினேன்.

“உது நோவோ, சீயோ?”

நேரமாகிவிட்டது என்று மகளைக் கூப்பிட்டேன். சொல்லாமலே வந்துவிட்டேன்.

சீ, மிஸி... சீ.