ரிட்டயர்டு டிரைவரின் வருஷ லட்சியங்கள்

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிற தொழிலில் கஷ்டம் வளைவுகளில் இல்லை. ஒரு நாள் மாலை போட்டு, 'போதும், இறங்குங்கள்' என்று சொன்ன பிறகு வருகிற சமதரையில்தான் இருக்கிறது.

நான் கோட்டயத்திலிருந்து குமுளி போகிற மலைப்பாதையில் அரசு பஸ் ஓட்டியவன். பெயர் வேலுச்சாமி. வேலை செய்த காலமெல்லாம் மலையில் ஒரு வாடகை அறை. சொந்த ஊரும் வீடும் மனைவி சரஸ்வதியும் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய வடகரப்பதிப் பக்கம். லீவு கிடைத்தால் வீட்டுக்கு வருவேன். வந்தால் விருந்தாளி; கோழி அடிப்பார்கள். ரிட்டயர் ஆனதும் நிரந்தரமாக வந்து சேர்ந்தேன். கோழிகள் பிழைத்தன.

பிரிவுபசார விழாவில் ஒரு அதிகாரி, "இனிமேல்தான் உங்கள் நேரம் உங்களுடையது. வருஷத்துக்கு ஒரு லட்சியம் வைத்து வாழுங்கள்" என்று பேசினார். பேசிவிட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். உங்களுக்கும் கடிகாரம்தான் கொடுத்திருப்பார்கள். மணி பார்த்தே ஆயுள் தேய்ந்தவனுக்கு, மணி பார்க்கும் அவசியம் தீர்ந்த அன்று கடிகாரம் கொடுக்க வேண்டும் என்று யார் கண்டுபிடித்தார்களோ தெரியவில்லை. ஆனால் அதிகாரியின் பேச்சை நான் நம்பினேன். அதன் விளைவுகளைத்தான், என்னைப் போலவே அவதிப்படுகிற உங்களிடம் சொல்கிறேன்.

மாலை ஐந்து மணிக் கூட்டம்

முதல் வருஷ லட்சியம், மனைவியோடு நேரம் செலவிடுவது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். விட்டதைப் பிடிக்க வேண்டாமா? ஜனவரி ஒன்றாம் தேதி காலை, இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து, "இனி தினமும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசறோம்" என்று அறிவித்தேன். சரஸ்வதி சட்னி ஊற்றினாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்து மணிக்கு வாசலில் இரண்டு நாற்காலி போட்டு ஒன்றில் உட்கார்ந்தேன். அவள் மாட்டுக்கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். கறந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனாள். அங்கிருந்து மகளிர் குழுக் கூட்டத்துக்குப் போனாள். குழுவுக்கு அவள்தான் செயலாளர் என்பது, அவளைத் தேடி வந்த பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திரும்பி வந்தபோது இருட்டிவிட்டது. இன்னொரு நாற்காலியில் பக்கத்து வீட்டு நாய் படுத்திருந்தது. அடுத்த நாளும் அப்படியே. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, நீங்க வருவீங்க வருவீங்கன்னு இத்தன வருசமா நாஞ் சும்மாவா உக்காந்துட்டு இருந்தேன்? பேசோணும்னா வெடியால சாணி அள்ளறப்ப வாங்க. அப்பத்தான் எனக்கு வாய் சும்மா இருக்குது."

சும்மா இருப்பவர்

விடிகாலையில் சாணி அள்ளும் நேரத்துப் பேச்சு நன்றாகவே நடந்தது. மீதிப் பகலை ஊர் எடுத்துக்கொண்டது. வில்லேஜ் ஆபீசில் வரிசையில் நிற்பதற்கு ஆள் வேண்டுமா, வேலுச்சாமி. கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்ட வேண்டுமா, வேலுச்சாமி. கேஸ் சிலிண்டர் வருகிறதா என்று அடுத்தவர் வீட்டு வாசலில் காவல் இருக்க வேண்டுமா, அதற்கும் வேலுச்சாமி. "நீங்க சும்மாதானுங்களே இருக்கறீங்க" என்பதுதான் எல்லோருக்கும் பல்லவி.

ஒரு நாள் பொறுமை இழந்து, தென்னந்தோப்புக்காரர் பழனிச்சாமியிடம் ரிட்டயர்மெண்ட் என்றால் சும்மா இருப்பது இல்லை, என் நேரத்துக்கும் மதிப்பு உண்டு, காலை பத்திலிருந்து நான்கு வரை எனக்குச் சொந்த வேலைகள் இருக்கின்றன என்று விளக்கமாகச் சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். முகத்தில் நிஜமான பரிதாபம். கடைசியில் சொன்னார்:

"இது தெரிஞ்சிருந்தா வேலைல இருக்கறப்பவே உங்களக் கூப்புட்டிருப்பனுங்க டிரைவரண்ணா. அப்பவாச்சும் உங்களுக்கு லீவுன்னு ஒண்ணு இருந்துச்சு."

கிணற்றில் ஒரு லட்சியம்

இரண்டாம் வருஷம், யாரும் குறுக்கே வரமுடியாத இடமாகப் பார்த்து லட்சியத்தை வைத்தேன்: எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகுவது. எங்கள் பக்கத்தில் நீச்சல் தெரியாத ஆம்பிளை என்றால் சின்ன வயதிலேயே ஊரைவிட்டுப் போனவன் என்று அர்த்தம். நான் அப்படித்தான் போனேன்.

ஜனவரியில் லட்சியம் தயார். கிணறுதான் தயாராக இல்லை. எங்களுடையது மழை மறைவுப் பிரதேசம். கேரளாவுக்கே பெய்கிற மழை, எங்கள் எல்லைக்கு வருவதற்குள் தீர்ந்துவிடும். அந்த வருஷம் முக்கால்வாசியும் கிணற்றில் முழங்கால் தண்ணீர். ஐப்பசி மழைக்குப் பிறகுதான் நிறைந்தது. மச்சினன் நடராஜ் என் இடுப்பில் லாரி டியூப் ஒன்றை மாட்டி, கயிறு கட்டி, "குதிங்க மாமா" என்றான். கொக்கி வளைவு, குறுகிய பாலம், பனிமூட்டம் எல்லாவற்றிலும் பஸ் ஓட்டியவன் நான். குதித்தேன். டியூப் மேலே நின்றது, நான் அதற்குள்ளிருந்து நழுவிக் கீழே போனேன். மேலே வந்தபோது கையில் அகப்பட்டது மோட்டார் பைப். இரண்டு கையாலும் இரண்டு காலாலும் அதைக் கட்டிக்கொண்டேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் மேலே வந்து எட்டிப்பார்க்கிறார்கள். நடராஜ் தண்ணீரில் மிதந்தபடியே கெஞ்சினான்:

"மாமா, பைப்ப உடுங்க. நீங்க முழுகுனா நான் தூக்கீருவன். மோட்டாரு முழுகுச்சுன்னா அக்காவுக்கு ஆரு பதில் சொல்றது?"

எழுந்து நில்லுங்கள்

நீச்சல் கைவிடப்பட்டதும், மூன்றாம் வருஷத்துக்கென்று பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். லட்சியத்தை அதில் ஏற்றிவிட்டால் போதுமாம். நேரத்தை அதுவே பார்த்துக்கொள்ளுமாம். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தால் மணிக்கட்டில் குறுகுறுவென்று அதிர்ந்து, எழுந்து நில்லுங்கள் என்று உத்தரவு போடும். மேலதிகாரி இல்லாத குறை தீர்ந்தது.

அந்தச் சமயத்தில் ஊரில் ஒரு பெரியவர் காலமானார். மறுநாள் கேதம் விசாரிக்கப் போனேன். கேத வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியும்: போய் உட்காரலாம், ஆனால் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பக்கூடாது. ஆகவே யார் முதலில் எழுந்திருப்பது என்று தெரியாமல் பந்தல் நிறைய ஆட்கள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பாலுக்கு நேரமாகிறது, தண்ணீர் பாய்ச்ச வேண்டும், ஆனால் ஒருவரும் அசையவில்லை. என் மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்தது. பழக்கதோஷத்தில் விருட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த நொடி பந்தல் முழுவதும் எழுந்து, துண்டை உதறிக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே நடந்தது. நான் கூசிப்போய் நின்றேன். இறந்தவரின் மூத்த மகன் கிட்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். அழப்போகிறான் என்று நினைத்தேன்.

"நல்ல காரியம் பண்ணுனீங்கண்ணா. வெடியால இருந்து ஆரு மொதல்ல எந்திரிப்பாங்கன்னு நாங்களும் பாத்துட்டே இருந்தோமுங்க. நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்துருங்க."

நேரத்தின் மதிப்பு

லட்சியங்கள் எதுவும் கைகூடாவிட்டாலும், லட்சியம் வைப்பவன் என்ற பெயர் மட்டும் எனக்கு ஊரில் நிலைத்துவிட்டது. பஞ்சாயத்து மெம்பர் கவிதா, மூத்த குடிமக்கள் கூட்டத்தில் 'ஓய்வுக்காலத்தில் நேரத்தின் மதிப்பு' என்று என்னைப் பேசச் சொன்னார். ஒரு வாரம் மாடுகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகினேன். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கே போய்விட்டேன். சிறப்பு விருந்தினர் வாளையாரைத் தாண்டிவிட்டார் என்று பத்தரைக்குச் சொன்னார்கள். பன்னிரண்டு மணிக்கும் தாண்டிக்கொண்டே இருந்தார். பெரியவர்களில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப்பேர் சர்க்கரை மாத்திரைக்காரர்கள், சாப்பாட்டு வாசனை வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வழியாக விருந்தினர் வந்து, ஒரு மணி நேரம் மலையாளத்தில் பேசிவிட்டுப் போனார். நான் மைக்கைப் பிடித்து, "பெரியோர்களே" என்றேன். கவிதா பின்னாலிருந்து என் காதருகே குனிந்து சொன்னார்:

"சோறு ஆறுதுங்கண்ணா, நேரமே இல்ல. நேரத்தோட மதிப்ப ரெண்டே வார்த்தையில சொல்லி முடிச்சிருங்க."

ஜன்னல் சீட்டு

நான்காம் வருஷ லட்சியத்தை நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பீர்மேட்டிலிருந்து போன் வந்தது. தேவசகாயத்துக்குப் பக்கவாதம். அவன் என் பஸ்ஸில் கண்டக்டர். அரை ஆயுள் காலம், என் முதுகுக்குப் பின்னால் இருந்த குரல். அப்பா அம்மா இரண்டு பேரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவனும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களுக்குக் கீழேயே ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். சரஸ்வதி மாடுகளைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னாள். பாலக்காட்டில் ரயிலேறி, கோட்டயத்தில் இறங்கி, குமுளி பஸ்ஸில் உட்கார்ந்தோம். அந்தப் பாதையில் எனக்கு முதல் ஜன்னல் சீட்டு. அவளுக்கு முதல் தடவை.

முண்டக்கயம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் என் கால் தானாக முன் சீட்டின் அடிக்கம்பியை மிதித்துக்கொண்டது. ஓட்டியவர் இளவயதுக்காரர். ஒவ்வொரு வளைவிலும் அவருக்காக நான் பிரேக் போட்டேன். எதிரே லாரி வந்தால் மூச்சை நிறுத்தினேன். சரஸ்வதி ஜன்னலில் முகத்தை வைத்தபடி, அது என்ன அருவி, இது என்ன மலை, கீழே தெரிகிறது கோயிலா சர்ச்சா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் எந்த இடத்தில் எண்ணெய் வழுக்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். "இத்தன வருசம் வந்தவரு, ஒண்ணையுமே பாக்கலீங்களா?" என்றாள். "பாத்திருந்தா பஸ் பள்ளத்துல கிடந்திருக்கும்" என்றேன். ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு என் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள்.

"இப்பத்தான் வேற ஆளு ஓட்டறாருங்களே. அந்தக் கம்பியில இருந்து கால எடுத்துட்டு, இந்தப் பக்கம் பாருங்க."

வண்டிப்பெரியார்

தேவசகாயம் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை மடியில் கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னான், விளங்கவில்லை. கடைசி வரிசை ஆளையும் டிக்கெட் எடுக்க வைத்த குரல் அது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவன் மனைவி ஸ்டெல்லா, தினமும் சத்தமாகப் பேசிப் பழகினால் பேச்சு திரும்பும் என்று டாக்டர் சொன்னதாகவும், இவர் யாரிடமும் வாயைத் திறப்பதில்லை, வெட்கப்படுகிறார் என்றும் சொன்னாள். இரண்டு நாளில் சரஸ்வதி மாட்டைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினாள். "நீங்க இருங்க. அங்க வந்து என்ன பண்ணப்போறீங்க?" என்றாள். முதல் முறையாக அந்தக் கேள்வி எனக்குக் கோபம் வரவழைக்கவில்லை.

நான் அவன் கட்டிலுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு, அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். பஸ்ஸில் நாங்கள் அப்படித்தானே இருந்தோம். "எந்த ஸ்டாப்புன்னு சொல்லு, அப்பத்தான் நிறுத்துவேன்" என்றேன். ஸ்டீயரிங் பிடிப்பதுபோலக் கைகளை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். முகம் தெரியாத தைரியமோ என்னவோ, பின்னாலிருந்து மெதுவாகக் 'குட்டிக்கானம்' வந்தது. பாதி எழுத்துத்தான் வந்தது. அன்றிலிருந்து தினமும் காலையும் மாலையும் எங்கள் வண்டி ஓடியது. குட்டிக்கானம் தெளிந்தது, பீர்மேடு தெளிந்தது, பாம்பனார்கூட வந்துவிட்டது. வண்டிப்பெரியார் மட்டும் நாக்கில் ஏறவில்லை. அவன் அழுதான், நான் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். மழைக்காலம் தொடங்கி ஓட்டில் சடசடவென்று கொட்டிய ஒரு காலை, சமையலறையில் கடலை தாளித்துக்கொண்டிருந்த ஸ்டெல்லா கரண்டியோடு ஓடிவரும்படி, பின்னாலிருந்து பழைய குரல் அதட்டியது:

"வண்டிப்பெரியார் வந்தாச்சு! ஏலே வேலு, நிறுத்துல. எறங்க வேண்டிய ஆளுக இருக்குல்லா?"

ஆகவே ஓய்வுபெற்ற தோழர்களே, வருஷ ஆரம்பத்தில் ஒரு லட்சியம் வைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வந்து கலைப்பதற்கு ஒன்று இருந்தால்தான் மற்றவர்கள் நம்மை நாடி வருகிறார்கள்.