அடுப்படியில் ஈ வளர்த்தேன்

உயிரியல் படிப்பு என்பது, படிப்பவர் தூங்கும் நேரமாகப் பார்த்துப் பிறக்கும் உயிர்களைப் பற்றிய படிப்பு. நாற்பத்தாறு வயதில், பையனை வேலைக்கு அனுப்பிவிட்டு, திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி, சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள் நான். பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டுக்குத் தவளை வரைந்து கொடுத்தே கை வீங்கிய தாய்மார்களே, என் கஷ்டம் உங்களுக்குத்தான் புரியும்.

கரண்டி யார் கையில்

இரண்டாம் செமஸ்டரில் ஜோடிக்கு இரண்டு குப்பி பழ ஈ கொடுத்தார்கள். வாழைப்பழத்தை மொய்க்குமே, அந்தப் பொடி ஈதான். ஒரு குப்பியில் முழுச் சிறகு, இன்னொன்றில் குட்டைச் சிறகு. இரண்டையும் சேர்த்துவைத்து, பேரன் பேத்தி வரை வளர்த்து, எண்ணிக் கொடுத்தால்தான் செய்முறைத் தேர்வில் உட்காரலாம். என் ஜோடி சங்கவி, வானூர்ப் பெண், விடுதியில் இருப்பவள். ஒரு பேப்பர் போனாலும் அவளுக்கு உதவித்தொகை நின்றுவிடும். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும். "அக்கான்னு கூப்பிடு" என்று முதல் நாளே சொன்னதற்கு, "சரிங்க ஆன்ட்டி" என்றவள்.

ஈக்களின் சாப்பாடு ரவை, வெல்லம், ஈஸ்ட், கடல்பாசி போட்டுக் காய்ச்சிய கூழ். ஆய்வக உதவியாளர் ஆறுமுகம் கொதிக்கிற தண்ணீரில் ரவையை அப்படியே கவிழ்த்தார். கட்டி கட்டியாக மிதந்தது. எனக்குப் பொறுக்கவில்லை, கரண்டியைப் பிடுங்கினேன். வறுத்துத் தூவிக் கிளறி இறக்கியதும் அவர் சட்டியை எட்டிப் பார்த்தார். "மேடம், ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடுங்க. ஈக்கு மீந்தது எனக்கு."

மடியில் பை

பெண் ஈ பிறந்த எட்டு மணி நேரத்துக்குள் அதைத் தனியே பிரித்தாக வேண்டும். தாமதித்தால் அதுவே யாரையாவது பார்த்துக் கல்யாணத்தை முடித்துக்கொள்ளும். நம் கணக்கு கெட்டுவிடும். அது பிறப்பது பொழுது விடியும்போது. எங்கள் வகுப்புக்கு ஆய்வகம் கிடைப்பது பிற்பகல் மூன்று மணிக்கு. விடுதிக்குள் ஈயைக் கொண்டுவந்தால் வெளியே அனுப்பிவிடுவேன் என்று வார்டன் சொல்லிவிட்டார். ஆகவே குப்பிகள் என் டிபன் பையில் ஏறின.

செங்கல்பட்டு தாண்டியதும், எதிர் சீட்டில் வேர்க்கடலைக் கூடையோடு, எங்கள் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டைக் கூடையோடு, இருந்த அம்மாள், "இன்னாம்மா அது, பஞ்ச வச்சி அடச்சிக்கினு?" என்று கேட்டார். ஈ என்றேன். பரீட்சைக்கு என்றேன். எனக்காக அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அய்ய, இதுக்கா மெட்ராசு வரைக்கும் போய்க்கினு வர்ற? கிளியனூருக்கு வா, எங்க ஊட்ல சும்மாவே கீது, அள்ளிக்கினு போ."

காபிக்கு முன்

விடியற்காலையில் ஐஸ் கட்டி மேல் எவர்சில்வர் தட்டு. குளிர்ந்த தட்டில் ஈக்களைக் கொட்டினால் மயங்கிக் கிடக்கும். வயிற்று நுனி கறுப்பாக இருந்தால் ஆண். பூதக்கண்ணாடியும் பெயின்ட் பிரஷுமாக நான் குனிந்திருக்க, வீட்டுக்காரர் காலி காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றார். பாலை எடுத்து அடுப்பில் வைத்தால் என்ன, கை சுட்டுவிடுமா? "மூச்சு விடாதீங்க, பறந்துடும்" என்றேன். "நான் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு தடவையாவது நிமிந்து பாத்தியா? ஈய இந்தப் பார்வ பாக்கிற."

வெள்ளிக்கிழமை

பிள்ளை ஈக்கள் பிறந்துவிட்டன. புத்தகம் சொன்னபடி எல்லாமே முழுச் சிறகு. இனி பேரப்பிள்ளைகள் வந்தால் போதும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்படியைத் துடைத்து, சிங்குக்கு அடியில் கரப்பான் மருந்து அடித்தேன். இருபது வருஷமாக எல்லா வெள்ளிக்கிழமையும் செய்கிற வேலை. கை மூளையைக் கேட்கவில்லை. குப்பிகள் இரண்டும் மேடைமேல்தான் இருந்தன.

அரை மணி நேரத்தில் அத்தனையும் மல்லாந்துவிட்டன. முதலிலிருந்து தொடங்கினால் முடிக்க ஒரு மாதம் வேண்டும். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. யாரைத் திட்டலாம் என்று வீடு முழுக்கத் தேடினேன். மருந்து டப்பா என் கையில்தான் இருந்தது. வீட்டுக்காரர், கல்யாணமான நாளாக முதல்முறையாக, தானே காபி போட்டு என் முன்னால் வைத்தார். பிறகு சிங்குக்கு அடியில் குனிந்து பார்த்தார். "கரப்பான் மட்டும் நல்லாத்தான் கீது."

ஊறுகாய் பாட்டில்

கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கியபடி, ஆங்கிலத்தில் ஒரு நல்ல மன்னிப்பை ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சங்கவி முகத்தைப் பார்த்ததும் "எல்லாத்தையும் கொன்னுட்டேன்டி" என்றுதான் வந்தது. அவள் அழவில்லை. விடுதி வாசலில் என்னை நிற்கவைத்துவிட்டு உள்ளே போனவள், துப்பட்டாவுக்குள் மறைத்து ஓர் ஊறுகாய் பாட்டிலைக் கொண்டுவந்தாள். வாயில் கைக்குட்டை கட்டியிருந்தது. உள்ளே முழுச் சிறகோடு பத்துப் பதினைந்து ஈக்கள். கூழில் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. பேரப்பிள்ளைகள்!

புதன்கிழமை நான் குப்பிகளை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனபோது, சொல்லாமல் அதிலிருந்து கொஞ்சம் ஈக்களை எடுத்துத் துணிப்பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். வார்டன் பார்த்திருந்தால் விடுதியே போயிருக்கும். எனக்கு உயிர் வந்த கையோடு கோபமும் வந்தது. "என் மேல நம்பிக்க இல்லியா?" என்று கத்தினேன். அன்றுதான் முதல்முறையாக அக்கா என்றாள். "அதெல்லாம் இல்லீங்க அக்கா. எங்க ஊட்ல வெத மல்லாட்டய எப்பவும் ரெண்டு எடத்துல வப்பாங்க. ஒண்ணு எலிக்கு."

புழுவெல்லாம் ஈயானதும் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். நாலுக்கு ஒன்று குட்டைச் சிறகு, புத்தகம் சொன்னபடியே. சங்கவி முதல் வகுப்பில் தேறினாள், உதவித்தொகை நிற்கவில்லை. மதிப்பெண் பட்டியலில் எலிக்கென்று தனிக் கட்டம் எதுவும் இல்லாததால், நானும் பாஸ்.