திட்டினால்தான் தின்னும் மாடுகள்

மிஷின்காரர் என்று அவருக்குப் பெயர் வந்தது மிஷின் செய்ததால் அல்ல, வாங்கியதால். புல் நறுக்க ஒன்று வாங்கினார். அது முதலில் நறுக்கியது அவருடைய சட்டைக் கையை. அப்போதும் மனுஷனுக்கு ஆசை விடவில்லை.

கடைசியாகக் கொட்டிலை ஒட்டி, வீட்டைவிட உயரமாக, தீவனம் கொட்டி வைக்கும் இரும்புக் குதிர் ஒன்று நிறுத்தினார். மேலே அரைத்த சோளத்தை நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், குழாய் வழியாகத் தீவனம் மாட்டுத் தொட்டிக்கே வந்து கொட்டும். அதுவரை வாளியில் சுமந்து கொட்டியது அவர் மனைவி. கொட்டும்போது ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகத் திட்டுவது அந்த அம்மாளுக்கு வழக்கம்.

"இனிமே உன் கையும் வேணாம், வாயும் வேணாம்" என்று வார்த்தையை விட்டார் மிஷின்காரர்.

"அப்ப சரிங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

பொத்தானை அழுத்தினார். குழாய் கடகடவென்று தீவனத்தைக் கொட்டியது. மாடுகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அதே கதை. பால் பாதியாகிவிட்டது. பால்காரர் கேனை ஆட்டிப் பார்த்து, "என்னண்ணே, மாடெல்லாம் விரதமா?" என்றார். இப்படியே போனால் மாடு வற்றிவிடும். மனைவியைக் கூப்பிட்டாலோ மானம் போய்விடும். அவரே திட்டிப் பார்த்தார். செவலை மாடு வாலைத் தூக்கிச் சாணி போட்டது.

வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போனைப் போட்டு, குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தார்.

"ரெண்டு வார்த்தை திட்டேன்."

"யாரை?"

"மாட்டைத்தான்."

"சோம்பேறி மூதேவி! வேளாவேளைக்கு முன்னாடி வந்து கொட்டினா நோகாம தின்னத் தெரியும். கொட்டினவ அருமை தெரியுமா?"

மாடுகள் காதை நிமிர்த்தின. ஒவ்வொன்றாக வந்து தொட்டிக்குள் முகத்தைப் புதைத்தன. திட்டு நிற்கவில்லை. அதில் மாட்டுக்கு எவ்வளவு, தனக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க மிஷின்காரருக்குத் துணிச்சல் வரவில்லை.

"கிளம்பி வாயேன்" என்றார்.

இப்போது யார் வந்து கேட்டாலும் இரும்புக் குதிரின் மேல் தட்டிக் காட்டுவார்: "ஒரு குறையும் இல்ல. ஒரே ஒரு பார்ட்டை மட்டும் கம்பெனிக்காரன் தராம விட்டுட்டான்."

கொட்டிலுக்குள்ளிருந்து பதில் வரும்: "அந்தப் பார்ட்டுக்கு டீ வேணுமாம். போட்டு எடுத்துட்டு வாங்க!"

அவரும் போவார். டீ போட இன்னும் மிஷின் வாங்கவில்லை.