தாடை எலும்பும் லூர்துசெல்வியும்

காணையில் பிறந்து விழுப்புரத்தில் குடியேறிய விருத்தாசலம், 1993 ஜூன் முதல் திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த பாடம் ஆதிப் பாலூட்டிகள். கீழ்த்தாடையின் பல்லெலும்பு மண்டையோட்டோடு நேராக மூட்டுப் போட்டிருந்தால் அது பாலூட்டி என்பார். அந்தக் கணக்கில், டைனோசர் காலத்தில் பூச்சி தின்று திரிந்த, மூஞ்சூறு அளவேயான மார்கனுகோடானும் பாலூட்டிதான்.

2003-இல் கிளியனூர் லூர்துசெல்வி வேலைக்குச் சேர்ந்தார். இன்று உயிரோடிருக்கும் பிளாட்டிபஸ், கங்காரு, பசு எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையின் வழிவந்தவை மட்டுமே பாலூட்டிகள், மார்கனுகோடான் அதற்கு முன்பே பிரிந்துபோன பங்காளி என்று அவர் நடத்தினார். பிள்ளைகள் அந்த வகுப்பில்தான் மொய்த்தார்கள்.

"இன்னா சார், ஒங்க எலிய அந்தம்மா வெளிய தொரத்திட்டாங்களாமே?" என்று துறைத்தலைவர் பச்சைமுத்து டீக்கடையில் சிரித்தபோது விருத்தாசலம் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

இருவரும் தனித்தனியே நடத்திவந்த அந்தப் பாடம் அடுத்த ஆண்டு முதல் ஒருவருக்குத்தான். செய்முறைத் தேர்வு முடிந்ததும் தலைவர் முடிவு செய்வார். பாடநூலில் இருந்ததும் தாடைக் கணக்குதான்; லூர்துசெல்வியின் பிள்ளைகள் அதற்கு மாறாகச் சொல்லி மாட்டட்டும், அங்கேயே புகார் சொல்லலாம் என்று விருத்தாசலம் காத்திருந்தார்.

வெளித்தேர்வாளர் லூர்துசெல்வியின் மாணவி செந்தாமரையிடம் கேட்டார், மார்கனுகோடான் பாலூட்டியா என்று. அந்தப் பெண் தயங்கவில்லை.

"தாடை மூட்ட வெச்சுப் பாத்தா பாலூட்டிங்க சார். அது விருத்தாசலம் சார் சொல்றது. உயிரோட இருக்கறதுங்க வம்சத்த வெச்சுப் பாத்தா இல்லிங்க. கோட்ட எங்க போடறோம்ன்றதுதான் வித்தியாசம்னு மேடம் சொன்னாங்க."

தேர்வாளர் மலர்ந்துபோனார். விருத்தாசலம் சொல்ல வைத்திருந்த புகாருக்கு இடமில்லாமல் போனது. லூர்துசெல்வி இவரைப் பழித்திருந்தால் பதிலுக்குப் பழிக்கலாம். இவர் பெயரைச் சொல்லி இவர் கட்சியையும் அல்லவா கற்பித்திருக்கிறார்! இவரோ பத்தாண்டில் மாற்றுக் கருத்து என்று ஒன்று இருப்பதாகக்கூட வகுப்பில் சொன்னதில்லை.

பாடம் லூர்துசெல்விக்குப் போனது. ஆட்சேபணை உண்டா என்று பச்சைமுத்து கேட்டார்.

"இல்லிங்க. பூச்சியியல் நான் பாத்துக்கறேன்" என்றார் விருத்தாசலம்.

ஆகஸ்டில் அந்தப் பாடம் நடந்த அன்று, வேலை எதுவும் இல்லாமலே லூர்துசெல்வியின் வகுப்பு வராந்தாவில் நின்றார். உள்ளே தன் பெயர் மரியாதையோடு வருவதைக் கேட்டார். பிறகு பிள்ளைகள் எதற்கோ சிரித்தார்கள். தன் வகுப்பில் அப்படி ஒரு சிரிப்பு எழுந்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டு, ரயிலுக்கு நேரமிருந்தும் ஸ்டேஷனுக்கு நடந்தார்.