சஹனில் நின்ற கை

யுத்த காலம். எங்கள் இளைஞர் குழு கற்பிட்டிப் பக்கத்து அகதி முகாம்களில் எயிட்ஸ் பற்றி வீதி நாடகம் போட்டது. நான்தான் டொக்டர். "ஒரே சஹன்ல சாப்பிட்டா இந்த வருத்தம் தொத்தாது!" என்று நான் முழங்கும்போது கைதட்டுவார்கள்.

எத்தாளை முகாமில் நாடகம் முடிந்ததும் பகல் சாப்பாடு தந்தார்கள். சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். சோற்றில் கை வைத்தேன். பக்கத்தில் இருந்த நடுவயதுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"தம்பி, எனக்கு அந்த வருத்தம் இருக்கு. நீங்க சொன்னது மெய்தானே?"

"ஓம் நானா, மெய்தான்" என்றேன். ஆனால் கை அசையவில்லை. காலையில் திரை கட்டும்போது விரலில் கம்பி கீறியிருந்தது. அந்தக் காயத்தில் கறி பட்டு எரிந்தது. "வயிறு சரியில்ல" என்று எழும்பிவிட்டேன்.

அவர் என் கையையே பார்த்தார். பிறகு மற்றவர்களிடம், "எனக்கும் பசியில்ல" என்று சொல்லி அவரும் எழும்பினார்.

திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர்கள் எங்களைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். துவக்கைக் கண்டாலே நடுங்குகிறவன் நான். அன்று விரலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எங்களுக்குப் பயிற்சி தந்த தாதியிடம் காயத்தைக் காட்டினேன். "சோத்தால தொத்தாதெண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்க. உங்களுக்கே நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நானாவைத் தேடி எத்தாளைக்குப் போனேன். முகாமை விட்டுப் போய்விட்டாராம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இன்றும் டொக்டர் வேஷம் எனக்குத்தான். ஆனால் அந்த வசனத்தை நாடகத்தில் சொல்வதில்லை. நாடகம் முடிந்து எல்லாரோடும் சஹனைச் சுற்றி உட்கார்ந்து, முதல் கவளத்தை விழுங்கிய பிறகுதான் சொல்கிறேன்.