அத்தையின் இடது கை

அந்த வருடம் கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஆகவே 1994 என்று உறுதியாகச் சொல்லலாம். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு ஜனவரியில் கல்யாணம்; பிறகு வெள்ளறடைக்குப் போய்விடுவாள். எங்கள் சபையில் அவள் வாசிக்கப்போகும் கடைசிக் கிறிஸ்துமஸ் அது.

வாசிப்பது, சித்தப்பா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த சிந்தசைசர் பெட்டியில். வரும்போதே அது பழசு. பொத்தான்களின் மேலிருந்த எழுத்துகள் பாதி அழிந்திருந்தன. டிசம்பர் மழையில் அதற்குள் எறும்பு குடியேறியது. அப்பா திறந்து துடைத்தார். எறும்பு போயிற்று. நடுக்கட்டைகளுக்கு அடியில் கிடந்த ரப்பர் பட்டையும் கிழிந்து அவர் கையோடு வந்தது.

அப்பா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம், காயப்போட்டிருந்த ரப்பர் ஷீட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“ரப்பருக்கா ஏட்டி நமக்குப் பஞ்சம்?”

அதே நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டி, கட்டைக்கு ஒன்றாகச் சின்னக் குமிழ்களை ஒட்டினார். திருகாணிகளைத் தேங்காய்ச் சிரட்டையில் ஏந்திக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். எல்லாம் பூட்டி முடித்து அழுத்தியபோது மற்றக் கட்டைகள் ஒலித்தன. நடுக்கட்டைகள் ஊமையாக இருந்தன.

“பசை ஒணங்கல்ல. நாளைக்குப் பேசும், பாத்துக்க” என்றார் அப்பா.

“பேசும் அண்ணா” என்றாள் அத்தை.

மறுநாள் காலை அவர் ரப்பர் பால் வெட்டப் போனதும் அத்தை என்னைக் கூப்பிட்டுச் சிரட்டையை மறுபடி கையில் தந்தாள். கிழிந்த பழைய பட்டையைத் திருப்பிக் காட்டினாள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது.

“இது போய் அடிப்பலகையில தொட்டாத்தான் கரண்டு ஓடும். உனக்க அப்பாக்க ரப்பரு கரண்ட நிறுத்தும். லைன்மேனுக்குக் கையுறை தைக்கக் கொள்ளாம்.”

இடது ஓரத்துக் கட்டைகளின் நல்ல பட்டையை உருவி நடுவில் போட்டாள். அப்பாவின் பட்டையை எறிந்துவிடாமல் இடது ஓரத்தில் பொருத்தினாள்.

“அப்பாட்ட சொல்லப்பிடாது, கேட்டியா?”

திறந்ததற்குத் திட்டுவார் போலும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் வந்த அப்பா நடுக்கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்தினார். எல்லாம் ஒலித்தன. நேற்றுவரை நன்றாயிருந்த ஓரத்துக் கட்டைகளை அவர் தொடவே இல்லை.

“ஒரு ராத்திரி ஒணங்கணும். அவ்வளவுதான்.”

கிறிஸ்துமஸ் ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்ப நான் அத்தையின் அருகில் இருந்தேன். அவளுடைய இடது கை, சத்தமே வராத அந்தக் கட்டைகளைப் பாட்டுக்குப் பாட்டு ஒன்றுவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. சபை முழுவதும் பாடும்போது அங்கே சத்தம் வராதது யாருக்கும் தெரியவில்லை. பெட்டியை ஒட்டி இருந்த எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் எல்லாருக்கும் கேக் கொடுத்தார்கள். அப்பா போதகரிடம், “உள்ள கிடக்கது நம்ம தோட்டத்து ரப்பராக்கும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் அத்தையிடம் கேட்டேன்: “இடது கையில சத்தமே வரல்லியே, பின்ன எதுக்கு அமுக்குன?”

“நீ கேக்கத் தின்னு மக்கா.”

பட்டையை மாற்றியதையே அவள் மறந்துவிட்டாள் என்று முடிவுசெய்தேன். ஆராதனை முடியும்வரை அப்பா முன் பெஞ்சின் ஓரத்தில், அவள் கைகள் தெரியும்படியாக உட்கார்ந்திருந்ததையும் நான் பார்த்திருந்தேன்தான். அதை இதனோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.