சிங்கத்தலை அம்மனுக்குக் குங்குமம்

இன்று மத்தியானம் சான்ட்ரிங்ஹாமில் சிவநேசன் அண்ணை வீட்டில், திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, அவர்கள் எகிப்துக்குப் போய்வந்த ஸ்லைடுகளைப் பார்த்தோம்.

விடாத இருமலுக்கு நடுவே அண்ணைதான் விளக்கம் சொன்னார். நரித்தலைச் சாமி, செத்தவரின் இதயத்தை ஓர் இறகோடு வைத்து நிறுக்குமாம். சுவரில் வண்டு இருந்தால் மறுபிறப்பாம். கைடு சொன்னதை அப்படியே ஒப்புவித்தார்.

அடுத்த ஸ்லைடில் சிங்கத்தலையோடு ஒரு பெண்தெய்வத்தின் கற்சிலை. முன்னால் அவர் மனைவி வசந்தி அக்கா கைகூப்பி நிற்கிறார். சிலையின் பாதத்தில் குங்குமம்.

"இஞ்ச பாருங்கோ, என்ரை ஆளின்ரை வேலையை! நோயை அனுப்பிச் சனத்தைக் கொல்லுற சாமி அது. இந்த மொக்கு, மூளையில்லாமல் அதுக்குப் போய்ப் பொட்டு வைச்சுக் கும்பிடுது. காவல்காரன் துரத்திக்கொண்டு வந்தவன்."

எல்லோரும் சிரித்தோம். எந்த வீட்டுக்குப் போனாலும் அவர் அக்காவை மொக்கு என்பார், நாங்கள் சிரிப்போம்.

கட்லட் தட்டை நீட்டியபடி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"கைடு முதலே சொன்னவர் தம்பி. தெரிஞ்சுதான் கும்பிட்டனான்."

"என்ன கேட்டனீங்கள் அக்கா?"

"அம்மனுக்கு ஆள் மாறிப்போகக் கூடாதெல்லோ? உங்கட அண்ணையின்ரை பேர், நட்சத்திரம் எல்லாம் சொல்லித்தான் கும்பிட்டனான்."

இருட்டில் அண்ணை மறுபடியும் இருமினார்.

அந்த இருமல் எகிப்துக்குப் போகமுன்னமே இருந்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கட்லட்டைத்தான் இரண்டாவது தரமும் எடுத்தேன். இந்த மின்னஞ்சல் குழுவில் யாராவது கேட்டிருப்பீர்களா?